கொயினாவின் கைப்பு: கிண்ணியாவின் காய்ச்சல் வரலாறும் உடலின் கைப்பு வாங்கிகளும்

கைப்பு என்னுஞ் சொல் தமிழில் இரு தளங்களில் வழங்குகின்றது. அறுசுவையுள் ஒன்றாகிய வேம்பின் சுவையை அது குறிக்கும், வெறுப்பையும் குறிக்கும். கைத்தல் என்னும் வினை இவ்விரண்டையும் ஒருங்கே தன்னுள் அடக்கியது. இலக்கிய மாணவராகிய நாம் பெரும்பாலும் இரண்டாவது பொருளிலேயே அக்கறை கொள்கின்றோம். முதலாவதை நாவுக்கும் அடுக்களைக்கும் விட்டுவிடுவது வழக்கம். ஆனால், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உடற்றொழிலியல் வெளிப்படுத்தியுள்ள செய்திகள் இப்பாகுபாட்டை மீள்பரிசீலனைக்கு உட்படுத்துகின்றன. கைப்பை இனங்காணும் புரதமூலக்கூறுகள் நாவில் மாத்திரமன்றி மூக்கிலும், சுவாசக்குழாய்களிலும், இரைப்பையிலும், குடலிலும் அமைந்துள்ளன என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. இவ்வுண்மையைக் கிழக்கிலங்கையின் ஓர் ஊரது காய்ச்சல் வரலாற்றுடன் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூர் கிண்ணியா. மனிதர் அறிந்த மருந்துகளுள் மிகவும் கைப்பானவற்றுள் ஒன்றாகிய கொயினாவை விழுங்கி வளர்ந்த தலைமுறைகளை உடைய ஊர் அது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் கிண்ணியா அமைந்துள்ளது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கடலுடன் கலப்பதும் இக்குடாவிலேயே. வயலும், மீன்பிடியும், மாடு வளர்ப்பும், காட்டில் விறகும் தேனும் எடுத்தலும் இப்பகுதி முஸ்லிம் மக்களின் நெடுங்காலத் தொழில்கள். 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என மக்கள் அழைத்த மிதவையே அவர்களைத் திருகோணமலைக் கரையுடன் இணைத்தது. அந்நகரின் வரலாறுகளில் கடற்படைகள் வந்துபோன கதை விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. குடாவின் இக்கரையில் ஆண்டுதோறும் நடுங்கிப் படுத்தோரின் கதை அவ்வாறு எழுதப்படவில்லை. மழை பொய்த்த மாதங்களில் ஆற்றுப்படுக்கையிலும் குளக்கரையிலும் தேங்கிநின்ற தெளிந்த நீரிலே அனோபிலிசு நுளம்பு பெருகிற்று. உழவனும் விறகுவெட்டியும் அந்நீரை விட்டு விலகி வாழ முடியாதவர்கள். முறைக்காய்ச்சல் இவ்வாறு உழைப்பின் இடத்தோடும் காலத்தோடும் பிணைந்த நோயாயிற்று.

இக்குடாவிலிருந்து தொடங்கும் காய்ச்சற் கதையொன்று உலகப் புகழ் பெற்றது. 1659ஆம் ஆண்டு 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவினுள் நுழைந்தது. கப்பற்றலைவனும் அவன் மகன் ரொபர்ட் நொக்சும் கண்டியரசனின் ஆட்களால் 1660இல் பிடிக்கப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இருவரையும் முறைக்காய்ச்சல் பற்றியது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பி, 1681இல் தன் நூலை இலண்டனில் வெளியிட்டான். கலங்கிய குட்டைநீரைக் குடித்துக் காய்ச்சலுற்றபோது, உலர்ந்த கஞ்சா இலையை வெல்லக்கட்டியுடன் சேர்த்துக் காலையும் மாலையும் உண்ணும்படி உள்ளூரவர் தனக்குக் கற்பித்ததாக அவன் எழுதுகின்றான். இலையின் மருத்துவப் பெறுமானம் எவ்வாறாயினும், அதனுடன் வெல்லக்கட்டி சேர்ந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. மருந்தின் சுவையை வேறொரு சுவையால் மறைத்தல் எல்லா மக்களிடமும் உள்ள பழைய உத்தி.

அதே உத்தியை அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஒருவன் பெருஞ் செல்வமாக மாற்றிக்கொண்டிருந்தான். ரொபர்ட் டால்போர் என்பவன் காய்ச்சலுக்கான தன் இரகசிய மருந்தினால் இங்கிலாந்து மன்னனின் ஆதரவைப் பெற்றான். பிரெஞ்சு இளவரசனையும் குணப்படுத்தினான். அவன் 1681இல் இறந்தபின், பதினான்காம் லூயி பணங்கொடுத்து வாங்கியிருந்த அவ்விரகசியம் வெளியிடப்பட்டது. தென்னமெரிக்க அந்தீசு மலைச் சிங்கோனாப் பட்டையை வைனிலே ஊறவைத்ததே அம்மருந்தின் சாரம். யேசு சபையினர் மூலம் ஐரோப்பாவை அடைந்த அப்பட்டையை மத வேறுபாடு காரணமாகப் பலர் ஐயுற்றிருந்த காலம் அது. நொக்சு தந்தையைப் பறிகொடுத்த காய்ச்சலுக்கு மருந்து அப்போதே உலகில் இருந்தது. ஆனால் அது அரசர் படுக்கையறை வரை மாத்திரமே சென்றிருந்தது.

1820இல் பாரிசில் பெலத்தியே, காவந்து ஆகிய இருவரும் பட்டையிலிருந்து குயினீன் என்னும் அற்கலொயிட்டைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் பட்டை பேரரசுகளின் போர்ப் பண்டமாயிற்று. வெள்ளைச் சிப்பாய் வெப்பவலய நாடுகளில் உயிருடன் நிற்பதற்கு அது வேண்டியிருந்தது. இலங்கையில் சிங்கோனாவை வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. கோப்பிச் செடியை இலைத்துரு நோய் அழித்தபோது தோட்டத் துரைமார் சிங்கோனாவுக்குப் பாய்ந்தனர். 1886 அளவில் ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் இறாத்தல் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. அப்பெருக்கமே விலையை வீழ்த்தியது. மரங்கள் வெட்டப்பட்டன; தேயிலை வந்தது. சிங்கோனாவின் தலைமை ஜாவாவிலிருந்த ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இம்மாற்றத்தின் பின்னால் ஒரு தொழிலாளியின் கதை உண்டு. குயினீன் செறிந்த மரங்களின் விதையைப் பொலிவியக் காடுகளிலே சேகரித்தவர் மனுவேல் இங்க்ரா மமானி என்னும் அய்மாரா இனத்தவர். அவ்விதையை வாங்கி 1865இல் ஒல்லாந்தருக்கு விற்றவர் சார்ள்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகர். மரத்துக்கு இடப்பட்ட தாவரவியற் பெயர் வணிகருடையது. விதை கடத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு மாண்டவர் மமானி.

1913 முதல் அம்ஸ்ரடாமில் இயங்கிய உற்பத்தியாளர் கூட்டிணைப்பு உலக விலையைத் தன் பிடியில் வைத்திருந்தது. வங்காளத்தில் 1892 முதல் தபாற் கந்தோர்களில் குயினீன் பொட்டலம் விற்கப்பட்டதைப் பேரரசின் கருணையாகக் காட்டுவோர் உளர். விலைகொடுத்து வாங்க வேண்டிய கருணை அது. அதன் மூலப்பொருளின் விலையை நிர்ணயிப்பவரோ வேறிடத்திலிருந்தனர்.

இலங்கை வரலாற்றில் கொயினா அரசியலாக வெளிப்பட்ட காலம் 1934-35. தென்மேல் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. ஒக்டோபரில் தொடங்கிய கொள்ளைநோயில் ஏழு மாதங்களுள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளே மிகுந்த அழிவைக் கண்டன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்றனர். மருத்துவராகிய எஸ். ஏ. விக்கிரமசிங்கவும், என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோரும் முன்னின்ற அப்பணியில் மருந்தோடு பருப்பும் அரிசியும் கொடுக்கப்பட்டன. 'மார்மைட்' என்னும் ஈஸ்ட்டுச் சாற்றைக் குளிசையாக உருட்டியும் வழங்கினர். நோயின் பின்னால் பட்டினி நிற்கின்றது என்பதை அவர்கள் கண்டுகொண்டமையே அப்பணியின் சிறப்பு. பருப்பு மாத்தயா என்ற பட்டம் பெரேராவுக்கு வாய்த்தது அங்கேதான். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936இல் ருவன்வெல்லையும் அவிசாவளையும் இவ்விருவரையும் அரசாங்க சபைக்கு அனுப்பின.

இவ்வரலாற்றை நாம் பெருமையுடன் எடுத்தோதுவது இயல்பே. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. அக்கொள்ளைநோயில் திருகோணமலை போன்ற வரண்ட வலயப் பகுதிகள் ஒப்பீட்டளவிற் குறைவாகவே பாதிக்கப்பட்டன என்று நூல்கள் கூறும். காரணம் யாது? அங்கு வாழ்ந்தோர் ஆண்டுதோறும் நோயுற்று ஓரளவு எதிர்ப்புச்சக்தி பெற்றிருந்தனர் என்பதே. அந்த எதிர்ப்புச்சக்தியின் விலையைச் செலுத்தியவர்கள் குழந்தைகள். மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளிய பிள்ளைகளின் விகிதத்தைக் கொண்டே அக்காலச் சுகாதாரத் துறையினர் ஓரிடத்தின் மலேரியாவை அளந்தனர். ஏழு மாதத்து மரணம் 'கொள்ளைநோய்' ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டினதும் மரணம் காலநிலையின் இயல்பாகக் கொள்ளப்பட்டது. இடதுசாரி வரலாற்றெழுத்தும் இவ்விடயத்தில் குடியேற்ற அரசின் கணக்கேட்டையே பெரிதும் பின்பற்றியது எனல் வேண்டும்.

1942இல் கொயினாவும் திருகோணமலையும் ஒரே போரிற் சந்தித்தன. மார்ச் மாதம் யப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றினர். உலகக் குயினீனில் பத்தில் ஒன்பது பங்கு வரை விளைந்த தோட்டங்கள் நேச நாடுகளின் கையைவிட்டுப் போயின. ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. துறைமுகத்தின் மீது விழுந்த குண்டுகளைப் பற்றிய நூல்கள் பல. குயினீன் குறைந்த இடத்தில் மெப்பகிறீன் என்னும் செயற்கை மருந்து போர்வீரருக்கு வந்தது. அதுவும் கைப்பே, தோலையும் மஞ்சளாக்கும்.

அக்காலத்தில் சிறுமியாக இருந்தவர் என் மூத்தம்மா. அப்போதிக்கரி கொடுத்த கலவையைப் போத்தலிலே வாங்கிவந்து, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களாம். அப்போதிக்கரி திண்ணையை விட்டு இறங்கியதும் வாழையடியில் துப்பிவிடுவது பிள்ளைகளின் வழக்கமாம். "நாக்கு மட்டுமில்ல மனே, ஒடம்பெல்லாம் கைச்சிச்சு, உசிரே கைச்சிச்சு" என்பது அவர் வாக்கு. குயினீன் மிகுந்தால் காது இரையும், தலை சுற்றும், ஓங்காளம் வரும். ஆதலின் அவர் சொன்னது மிகையன்று. ஆயினும் இவ்வாறு துப்பியவர்களைக் குறித்து அக்கால ஆட்சியாளர் வட்டாரங்களில் வழங்கிய கருத்து அறியாமை, மூடநம்பிக்கை என்பதே. பரிகாரியிடம் நிலவேம்பும் வேப்பம்பட்டையும் அவித்துக் குடித்த மக்கள் கைப்புக்கு அஞ்சுவோர் அல்லர் என்பதை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. பரிகாரியின் கைப்புக்கும் அப்போதிக்கரியின் கைப்புக்கும் இடையே சுவையைவிடச் சமூக உறவிலேயே வேறுபாடு மிகுதி.

இனி, கைப்பு என்பது உடலில் எவ்வாறு உணரப்படுகின்றது என்பதை நோக்குவோம். 1931இல் அமெரிக்க இரசாயன நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் ஆதர் பொக்ஸ் என்பவர் கையாண்ட தூளொன்று காற்றிற் பறந்தது. அருகில் நின்ற சகா அது மிகக் கைக்கின்றது என்றார். பொக்சுக்கோ சுவையே தோன்றவில்லை. இத்தற்செயல் நிகழ்விலிருந்து, சில கைப்புப் பொருள்களை உணர்தல் பரம்பரையாக வருவது என்பது தெளிவாயிற்று. அதற்குரிய பரம்பரையலகு 2003இலேயே இனங்காணப்பட்டது. அதற்கு முன், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்ள்ஸ் சூக்கர், நிக்கலஸ் ரைபா ஆகியோரின் குழுவினர் கைப்பு வாங்கிகளின் குடும்பத்தைக் கண்டறிந்திருந்தனர். மனிதரில் இவ்வகை வாங்கிகள் ஏறத்தாழ 25. இனிப்புக்கு ஓரிரு வாங்கிகளே போதுமாயிருக்க, கைப்புக்கு இத்தனை ஏன் என்ற வினா எழும். தாவரங்கள் தம்மைத் தின்னும் விலங்குகளிடமிருந்து தப்புவதற்கென ஆக்கிய நஞ்சுகள் அமைப்பால் எண்ணிறந்தவை. அவற்றை வாயிலேயே மறிப்பதற்குப் பல பூட்டுகள் தேவைப்பட்டன. கோழிக்கு இவ்வாங்கிகள் மூன்றே. எட்டிக்காயின் நஞ்சாகிய ஸ்ரிக்னீனை இனங்காணும் வாங்கி மனிதரில் உண்டு; குயினீனும் ஒன்றல்ல, பல வாங்கிகளை ஒருங்கே தூண்டுவது. வாழையடியில் துப்பிய சிறுமியின் உடல், இலட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தான் பயின்ற பாடத்தைச் செய்துகாட்டிற்று.

மனிதப் புலன்கள் சமூக வரலாற்றினூடே உருவானவை என்று 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் வாதிட்டார். அதை எடுத்துரைக்கும் நம்மவர் சிலர், புலனுக்கு இயற்கை வரலாறும் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். கைப்பு அதனை மறக்க விடாது. பச்சிளங் குழந்தை கைப்பை நாவில் வைத்தவுடன் முகஞ்சுழிக்கும். அதை எவரும் கற்பிப்பதில்லை. பால்மறக்கடிக்கத் தாயர் வேப்பெண்ணெய் தடவுவது அவ்வியல்பை நம்பியே. பாகற்காயை விரும்பி உண்ணவும், தேநீரைச் சுவைக்கவும் பிறகு கற்றுக்கொள்கின்றோம். அக்கல்வியே சமூகத்தினுடையது. தலைவி கொடுத்த வேம்பின் காயும் அன்று இனித்தது, இன்று அவள் தரும் நறுநீரும் உவர்க்கின்றதோ என்னும் கருத்துப்படத் தோழி தலைவனை இடித்துரைப்பதாகக் குறுந்தொகையில் மிளைக் கந்தன் பாடியது இவ்விரண்டாவது கல்வியைப் பற்றியதே.

நாவுக்கு அப்பாற்பட்ட செய்தி இதனிலும் வியப்புக்குரியது. கைப்பையுணர்தலில் பங்குகொள்ளும் புரதமொன்று எலியின் குடற்கலங்களிலும் உண்டு என 1996இலும், கைப்பு வாங்கிகளே இரைப்பையிலும் குடலிலும் உள்ளன என 2002இலும் ஆய்வாளர் காட்டினர். நாவைக் கடந்து உள்ளே சென்ற நஞ்சை இரண்டாங் காவலாக நின்று அவை அறிகின்றன. பசியையும் குடலின் இயக்கத்தையும் ஆளும் ஓமோன்கள் சுரப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. 2009இல் மனிதச் சுவாசக்குழாயின் பிசிர்களில் இவ்வாங்கிகள் காணப்பட்டன. சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களே பிசிர்கள். கைப்புப் பொருள் பட்டதும் அவை விரைந்து அடிக்கின்றன. 2012இல் இதன் காரணம் மேலும் விளங்கியது. மூக்கறைகளிலுள்ள ஒரு வாங்கி, சிலவகைப் பற்றீரியாக்கள் தமக்குள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் மூலக்கூறுகளை இனங்காண்கின்றது. பகைவரின் பேச்சை ஒற்றுக்கேட்டது போன்று அக்கலங்கள் நைத்திரிக்கொட்சைட்டை வெளியிட்டுப் பற்றீரியாக்களைக் கொல்கின்றன. பொக்சின் நாவில் வேலைசெய்யாதிருந்த வாங்கியும் இதுவே. அது குறைபாடுற்றோருக்கு மூக்கறைத் தொற்றுக்கள் சில மிகுதியாக ஏற்படுகின்றன.

2010ஆம் ஆண்டின் ஆய்வு நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. சுவாசக்குழாயைச் சூழ்ந்துள்ள மழமழப்பான தசையிலும் கைப்பு வாங்கிகள் உண்டு என அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். நஞ்சு வந்தால் தசை சுருங்கி வழியை அடைக்கும் என்றே அவர்கள் எதிர்பார்த்தனர். தசையோ தளர்ந்து வழிவிட்டது. அவர்கள் பயன்படுத்திய பொருள்களுள் குயினீனும் அதன் பின்வந்த குளோரோகுயினும் அடங்கும். முட்டு வருத்தத்துக்கு இவ்வழியாக மருந்து காணலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. கலங்களிலும் எலிகளிலும் கிடைத்த அம்முடிவு மருத்துவமனைக்குரிய மருந்தாக இன்னும் முதிரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கு ஒரு கருத்துக் குழப்பத்தைத் தவிர்த்தல் வேண்டும். சுவாசப்பை கைப்பைச் 'சுவைப்பதில்லை'. அங்குள்ள வாங்கி தூண்டப்படும்போது நமக்குக் கைப்புணர்வு தோன்றுவதில்லை. நாவிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புவழி அதற்கில்லை. மெய்ப்பாட்டியல் உரையில் பேராசிரியர் சுவையை நான்காகப் பகுத்து விளக்குகின்றார்: சுவைக்கப்படும் பொருள், அதனைத் துய்த்த பொறியின் உணர்வு, அது மனத்துப்பட்டவழி நிகழும் குறிப்பு, அக்குறிப்பு உடலிற் புலப்படும் நிலை. பொருளுக்கு அவர் காட்டும் உதாரணங்களில் வேம்பும் ஒன்று. பொருளிலிருந்து மனம் வழியாக மெய்க்கு வருவது அவர் கண்ட பாதை. பிசிர் விரைந்து அடிப்பதிலோ பொருளுக்கும் மெய்க்கும் இடையே மனம் இல்லை. உரையாசிரியர் நுண்மாண் நுழைபுலம் உடையவர்தாம். எனினும் இதை அவர் அறிந்திருந்தார் என்று எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. உண்மையில் 'கைப்பு வாங்கி' என்ற பெயரே ஆராய்ச்சி நாவில் தொடங்கியமையால் வந்தது. மூக்கறையில் தொடங்கியிருப்பின் அதற்கு வேறு பெயர் இட்டிருப்பர்.

மூத்தம்மாவின் சொல்லுக்கும் இது பொருந்தும். உடம்பெல்லாம் கைத்தது என்ற அவர் கூற்றை நவீன விஞ்ஞானத்தின் முன்னறிவிப்பாகக் காட்டி ஒரு கட்டுரையை அழகாக முடித்துவிடலாம். அவர் பேசியது வாங்கிகளைப் பற்றியதன்று. மூக்கைப் பிடித்து ஊற்றிய கையைப் பற்றியது.

இத்தகைய குழப்பம் புலமை உலகோடு நின்றுவிடுவதில்லை. சித்த மருத்துவம் கைப்புச் சுவையை வளியும் விண்ணும் கூடிப் பிறப்பதாகக் கொண்டு, அதனடிப்படையில் மருந்துகளை வகுத்தது. நெடுங்கால அனுபவத்தின் தொகுப்பு என்றளவில் அது ஆராயத்தக்கது. ஆனால் கைப்பதெல்லாம் நோய்தீர்க்கும் என்ற முடிவு அனுபவத்துக்கும் ஒவ்வாதது. எட்டிக்காய் கைக்கும், கொல்லும். குயினீன் மலேரியாவைத் தீர்ப்பது அதன் கைப்பினால் அன்று. குருதியின் செந்நிறப் பொருளை உண்ணும் ஒட்டுண்ணி, எஞ்சும் நச்சுக்கழிவைப் பளிங்காக்கித் தன்னைக் காத்துக்கொள்கின்றது. அக்காப்பை மருந்து குலைக்கின்றது. கைப்போ நம் உடல் எழுப்பும் அபாயக்குரல். தொல்காப்பியச் செய்யுளியலில் வாயுறைவாழ்த்துக்கு வேம்பையும் கடுவையும் உவமை கூறி, அப்போது கடிதாயினும் பின்னர்ப் பயன்தரும் சொல் என விளக்கம் தரப்படுகின்றது. அறிவுடையோர் கூற, மற்றவர் பொறுத்துக் கேட்கும் உறவு அவ்வுவமையில் அடங்கியுள்ளது. கைப்பு நன்மைக்கே என்பது ஆள்வோரும் கற்றோரும் கையாள்வதற்கு வசதியான கருத்து.

2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு தாக்கியபோது இதன் நடைமுறை விளைவைக் காண முடிந்தது. பாடசாலைகள் சிறிதுகாலம் மூடப்பட்டன. கட்டில் போதாமல் நோயாளர் அவதியுற்றனர். அவ்வாண்டு இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். தமிழ்நாட்டில் டெங்குக் காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கிய செய்தி இங்கும் பரவியிருந்தது. கைப்பான கசாயங்கள் வீடுகளில் கொதித்தன. அதைக் குடித்தவர்களை நான் குறைகூறமாட்டேன். தம் கைக்கு எட்டியதை அவர்கள் செய்தனர். குறைகூற வேண்டியது வேறிடத்தை. தேங்கிய நீரை அகற்றல், குப்பையை ஒழுங்காக எடுத்தல், குழாய்நீர் தருதல், மருத்துவமனைக்கு ஆளும் கட்டிலும் தருதல் ஆகியன கைப்பற்ற மருந்துகள். அவை செலவு மிக்கவை. குடிநீர் பொட்டலத்தைக் கொடுத்துப் படமெடுப்பது மலிவானது.

கிண்ணியாவிலிருந்து மலேரியா அகன்ற வரலாறும் இதையே காட்டுகின்றது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் டீ.டீ.ரீ. தெளிப்பு தொடங்கியது. 1946இல் ஆயிரத்துக்கு 20ஐ அண்டியிருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கிற்று. இவ்வீழ்ச்சியில் தெளிப்புக்கு எவ்வளவு பங்கு, உணவு மானியத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் எவ்வளவு பங்கு என்பது குடித்தொகையியலாளரிடையே தீராத விவாதம். 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேரே. வெற்றி வந்துவிட்டதெனத் தெளிப்பை நிறுத்தினர். 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களால் புதிதாகத் திறக்கப்பட்ட நிலங்களிலும் காய்ச்சல் குடியேறியவரோடு குடியேறியது. அதன்பின் போர்க்காலத்தின் நடுவிலும், இரு பக்கத்து எல்லைகளைக் கடந்தும், குருதித்துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசிச் சோதித்த களப்பணியாளர்களின் பெயர் எந்தப் போர் வரலாற்றிலும் இல்லை. உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

அச்சான்று வந்த சில மாதங்களுள், மன்னாரில் இந்தியாவின் நகர மலேரியாவைப் பரப்பும் 'அனோபிலிசு ஸ்ரெபன்சி' நுளம்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஆற்றுக் குட்டைகளை நாடிய பழைய நுளம்பைப் போலன்றி இது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். கிண்ணியாவில் வீட்டுக்கொரு கிணறு உண்டு.